பூங்காவுக்கு வராதவர்களிடம் கேளுங்கள்: எல்லாப் பிள்ளைகளும் விளையாடும் இடத்தை ஊர் கூடி வடிவமைக்க ஒரு வழிகாட்டி

உங்கள் பகுதியில் சிறுவர் பூங்கா ஒன்று வரப்போகிறது, அல்லது இருப்பதைப் புதுப்பிக்கப் போகிறார்கள். "மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் விளையாடுற மாதிரி செஞ்சிடலாம், மக்கள்கிட்ட கருத்துக் கேட்டுச் சொல்லுங்க" என்று கவுன்சிலர் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார். நீங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வெறுமனே ஆர்வம் உள்ள ஆளாகவும் இருக்கலாம். இதற்கு முன் இப்படி எதுவும் செய்ததில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூன்று பூங்கா வேலைகளில் இப்படி ஓடியாடியிருக்கிறேன். இரண்டு ஓரளவு உருப்பட்டன. ஒன்று சொதப்பிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முன்மாதிரி ஏதும் இல்லாத வேலை இல்லை இது. சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் மாநகராட்சி இப்படி ஒரு விளையாட்டுத் திடலை அமைத்திருக்கிறது. அதற்குத் துணை நின்ற பெங்களூருவின் 'கிளிகிளி' அமைப்பு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் தொடங்கியது. முடிந்தால் உங்கள் குழுவோடு ஒரு மாலை சாந்தோம் போய்ப் பாருங்கள். சாதனங்களை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்தச் சாதனத்தில் எந்தப் பிள்ளை ஏறுகிறது, எதன் பக்கம் யாருமே போவதில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் நிலம், அப்புறம் கூட்டம்

மக்களைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் பகுதி இளநிலைப் பொறியாளரை (ஜே.இ.) போய்ப் பாருங்கள். இடம் யாருடையது? மாநகராட்சிப் பெயரில் இருக்கிறதா, லேஅவுட் போட்டபோது பொதுத் திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். நிலமா, புறம்போக்கா? நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். எவ்வளவு பணம், எந்தத் தலைப்பில் வருகிறது, எப்போதைக்குள் செலவாக வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி நிதியா, மாநகராட்சியின் சொந்த நிதியா, பொதுமக்களும் பங்கு போடும் 'நமக்கு நாமே' திட்டமா என்பதைப் பொறுத்து உங்கள் அவகாசம் மாறும்.

மழை நாளில் ஒருமுறை அந்த இடத்துக்குப் போங்கள். தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது என்பதை எந்த வரைபடமும் காட்டாது.

இதையெல்லாம் முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதெல்லாம் முடிவாகிவிட்டது, எது இன்னும் நம் கையில் இருக்கிறது என்று கூட்டத்தில் நீங்கள் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒப்புக்குக் கருத்துக் கேட்டால் ஜனங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலிதான் வரும்.

யார் வரவில்லை?

இந்த வேலையில் பாதி இதுதான். பூங்காவில் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டால், ஏற்கெனவே வர முடிகிறவர்களின் கருத்துதான் கிடைக்கும். வராதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

எங்கே தேடுவது? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை போகிறது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பிள்ளை இருக்கிறது என்று அந்தப் பணியாளர்களுக்குத் தெரியும். அங்கன்வாடி ஆசிரியைக்குத் தெரியும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் வாரத்தில் சில நாட்கள் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். பட்டியலைக் கேட்காதீர்கள், அதை அவர்கள் தரவும் கூடாது. உங்கள் அழைப்பை அந்த வீடுகளுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சக்கர நாற்காலி அதில் ஒரு ஓரம்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பார்வையற்ற பிள்ளை, காது கேளாத பிள்ளை, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை, ரத்தம் உறையாமைக் குறைபாட்டால் லேசாக விழுந்தாலே ஆபத்தாகிற பிள்ளை, எல்லோரும் அதில் வருவார்கள். பெரியவர்களையும் விட்டுவிடாதீர்கள். போலியோவால் ஊன்றுகோலோடு நடக்கும் அப்பாவுக்குத் துறுதுறு என்று ஓடும் மகள் இருப்பாள். அவள் சறுக்குமரத்தில் ஏறும்போது அவர் பக்கத்தில் நிற்க வழி வேண்டாமா?

இன்னொரு கூட்டமும் வராது. அடுக்குமாடிச் சங்கத்தார் முன்வரிசையில் இருப்பார்கள், பின்னால் இருக்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து ஒருவரும் இருக்கமாட்டார்கள். பூங்காவில் அதிகம் விளையாடப் போவது அந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வயது தாண்டிய பெண்பிள்ளைகளையும் தனியாகக் கேளுங்கள். பையன்கள் கிரிக்கெட் பிடித்துக்கொண்ட பிறகு அவர்களுக்கு எஞ்சுவது ஓரத்துச் சுவர்தான்.

கூட்டம் என்றால் மேடை இல்லை

பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை எதுவும் வேண்டாம். பதினைந்து இருபது பேர், வட்டமாக நாற்காலி, தரையில் பாய், படி இல்லாத இடம், பக்கத்தில் கழிப்பறை. இவ்வளவு போதும். பல கல்யாண மண்டபங்கள் படியேறித்தான் போக வேண்டியவை. பள்ளித் தரைத்தளம் நல்லது. ஆட்டோ செலவைக் கொடுத்துவிடுங்கள். காது கேளாதோர் வருவதாக இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்தில் காது கேளாதோர் பள்ளி இருந்தால் அங்கே விசாரியுங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள்.

"பூங்காவில் என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். ஊஞ்சல், சறுக்குமரம், சீசா என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "கடைசியா எப்ப பூங்காவுக்குப் போனீங்க? அங்கிருந்து ஏன் கிளம்பி வந்தீங்க?"

இந்த ஒரு கேள்வியில் வந்த பதில்களை இன்னும் மறக்கவில்லை. ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா ஒருவர், நான் காட்டிய சாதனப் படங்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஊஞ்சல் எல்லாம் அப்புறம். முதல்ல கேட்டுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்க. இவன் ஓடிருவான், வெளியில லாரி ரோடு." நான் கொண்டுபோன வரைபடத்தில் மூன்று வாசல் இருந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான்தான் கேட்டு வாங்கியது.

இன்னொரு அம்மா பத்து வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சக்கர நாற்காலி இருக்கிறது, ஆனால் அவர்கள் தெருவில் அது ஓடாது. "நாலு தடவை போனோம் சார். எங்க இறக்கி வைக்கிறதுன்னு தெரியல. ஊஞ்சல் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்ணை இருந்தா நான் உட்காரவெச்சு, அப்புறம் ஊஞ்சலுக்கு மாத்துவேன்." வெளிநாட்டுச் சாதனப் புத்தகங்கள் எல்லாம் பிள்ளை சக்கர நாற்காலியில் வரும் என்று நினைத்துத்தான் படம் போடுகின்றன. நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் அம்மாவின் இடுப்பில் வருகிறார்கள். அந்தத் திண்ணைக்கு ஆன செலவு செங்கல்லும் பூச்சும்தான். பூங்கா திறந்த பிறகு அதிகம் பயன்பட்டதும் அதுதான். தாத்தா பாட்டிகளும் பிடித்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

பிள்ளைகளிடம் கேட்கும்போது பேச்சை நம்பியிருக்காதீர்கள். களிமண், தீப்பெட்டி, ஐஸ் குச்சி, நூல் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பேச வராத பிள்ளைக்குப் பட அட்டைகள் வைத்துப் பிடித்தது, பிடிக்காதது என்று பிரிக்கச் சொல்லலாம். அம்மா அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வதை மெல்லத் தடுக்கவும் வேண்டும்.

கோலமாவில் ஒரு பூங்கா

வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே முதல் வரைவு வந்ததும் ஐந்து கிலோ கோலமாவு வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். அளவு நாடா பிடித்து, பாதை, வாசல், ஊஞ்சல், மணல் மேடை எல்லாவற்றையும் உள்ள அளவிலேயே தரையில் போடுங்கள். அப்புறம் எல்லோரையும் அதற்குள் நடக்கவும் உருட்டவும் விடுங்கள்.

சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும் என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் பொறியாளர் தலையாட்டுவார். கோலமாவு வட்டத்துக்குள் ஒரு அண்ணன் வண்டியைத் திருப்ப முயன்று, பின்சக்கரம் கோட்டை அழித்துக்கொண்டு வெளியே போனதை அவரே பார்த்தார். அன்றைக்கு அங்கேயே பென்சிலை எடுத்து அளவைத் திருத்தினார். பார்வையற்ற பெண் ஒருவர் கோலோடு நடந்து, நேராக ஊஞ்சல் ஆடும் எல்லைக்குள் போய் நின்றார். ஊஞ்சலைச் சுற்றித் தரையின் சொரசொரப்பு மாற வேண்டும் என்பது அப்படித்தான் எங்கள் வரைபடத்தில் ஏறியது.

மே மாதம் மாலை 4 மணிக்கு இதைச் செய்தால் நிழல் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். தகரச் சறுக்குமரம் நம் வெயிலில் தோசைக்கல். ரப்பர் தரையும் சுடும், அடர்நிறம் என்றால் இன்னும் மோசம். இருக்கும் மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றிச் சாதனங்களை வைப்பதுதான் மலிவான தீர்வு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வந்து பாருங்கள். பூங்காவுக்குள் எல்லாம் சரியாக இருந்து, வாசலுக்கு முன்னால் திறந்த சாக்கடை இருந்தால் என்ன பயன்?

சண்டை வரும் இடங்கள்

வரும். வரட்டும். எல்லோருக்கும் ஒரே தேவை இருந்தால் கலந்து பேசவே வேண்டியதில்லையே.

பெரிய சண்டை வாசலில்தான். நம் பூங்காக்களில் மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க வளைவுக் கம்பியோ சுழல் கம்பியோ வைப்பார்கள். அதில் சக்கர நாற்காலியும் நுழையாது. வாசலில் குறைந்தது 90 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆனால் 90 செ.மீ.யில் பைக் தாராளமாக வரும். இதற்குக் கம்பியில் தீர்வு கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று கூட்டம் ஆயிற்று. கடைசியில் தானே மூடிக்கொள்ளும் கதவு, உள்பக்கம் பெரியவர் கைக்கு எட்டும் தாழ்ப்பாள், மாலை நேரத்தில் ஒரு காவலாளி என்று முடிவானது. காவலாளிச் சம்பளத்தை யார் தருவது என்பதை அன்றே எழுதி வாங்கினோம். மாட்டுக்காகத் தரையில் போடும் கம்பி வலை மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் சக்கரமும் கோலும் சிக்கும்.

அடுத்தது மணல். பிள்ளைகளுக்கு மணல் வேண்டும், சக்கர நாற்காலி மணலில் புதையும். தரையில் ஒரு மணல் குழியும், நாற்காலி அடியில் நுழையும்படி மேசை உயரத்தில் ஒரு மணல் தொட்டியும், இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும். தொட்டியை மட்டும் தனி மூலையில் வைத்தால் அங்கே ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும்.

சத்தத்திலும் இப்படித்தான். தட்டினால் ஒலிக்கும் குழாய்கள் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு வேதனை. அவற்றை ஒரு கோடியில் வைத்து, மறுகோடியில் அரைச்சுவர் சூழ்ந்த அமைதியான மூலை ஒன்றை விடுங்கள். எட்டு நடை போகும் பெரியவர்களும் தங்கள் பாதைக்காக வாதாடுவார்கள். 1.8 மீட்டர் அகலத்தில் வழுக்காத, மேடுபள்ளம் இல்லாத பாதை என்றால் அவர்களும் உங்கள் கட்சிதான். முழங்கால் வலி உங்களுக்கு நல்ல கூட்டாளி.

சக்கர நாற்காலியோடு ஏற்றும் தனி ஊஞ்சல் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும், திறப்பு விழாவில் கைதட்டல் வாங்கும். ஆனால் கனமானது. பெரிய பையன்கள் ஏறி நின்று ஆடினால் பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளைக்கு ஆபத்து. அதனால் கூண்டு போட்டுப் பூட்டிவிடுவார்கள். நான் சொதப்பல் என்றேனே, அந்தப் பூங்காவில் அது திறந்த இரண்டாம் வாரமே பூட்டப்பட்டது. சாவி யாரிடம் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு கூடை ஊஞ்சல்கள் போடலாம். படுத்துக்கொண்டு ஆடலாம், அக்கா தம்பியை மடியில் வைத்து ஆடலாம், நாலு பேர் சேர்ந்தும் ஆடலாம். தரையோடு தரையாகச் சுழலும் ராட்டினமும் அப்படித்தான், வண்டியோடு உருண்டு ஏறிவிடலாம்.

பேசியதை எஸ்டிமேட்டுக்குள் கொண்டுபோவது

கூட்டத்தில் ஒத்துக்கொண்டது எல்லாம் எஸ்டிமேட்டில் இல்லையென்றால் காற்றில் போனது மாதிரி. "சாய்தளம் – 1" என்று மட்டும் எழுதியிருந்தால் கான்டிராக்டர் ஏதோ ஒரு சரிவைக் கட்டிவிட்டுப் போவார். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம், அதற்குமேல் செங்குத்தாகக் கூடாது என்று எழுத வேண்டும். இடம் இருந்தால் 20 அடிக்கு 1 அடி. மேலேயும் கீழேயும் வண்டி நிற்கச் சமதளம், இருபுறமும் பெரியவருக்கும் பிள்ளைக்கும் எட்டும்படி இரண்டு உயரத்தில் கைப்பிடி. அளவுகளுக்கு மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளைக் காட்டுங்கள். நீங்கள் சொல்வதை விட அச்சான பக்கத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

செடிகளையும் பட்டியலில் பாருங்கள். அரளி வேண்டாம். பராமரிப்பு குறைவு என்று எங்கும் நடுகிறார்கள், ஆனால் முழுச்செடியும் நஞ்சு, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பிள்ளைகள் வரும் இடம் இது. பாதையோரம் முள் உள்ள காகிதப்பூவும் வேண்டாம்.

முடிவுகளைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை, ஆண்டுக்கு ஆறு முறை கூடும். நகரம் என்றால் பகுதி சபை. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. உங்கள் மன்றத்தில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் நாளிலிருந்தே அவரோடு சேர்ந்து போங்கள். "இதெல்லாம் கட்டாயமா சார்?" என்று யாராவது இழுத்தால், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொன்னதை மனுவில் ஒரு வரி சேருங்கள். ஒரு வரி போதும், வழக்காடப் போகவில்லை நாம்.

டெண்டருக்குப் போகும் முன் கடைசி வரைபடத்தை முதலில் கேட்ட அதே ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பணம் பற்றாமல் எதை வெட்டினீர்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். திண்ணையை வெட்டிவிட்டுச் செயற்கை நீரூற்றை வைத்திருந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வேலை நடக்கும்போது மூன்று முறை

லெவல் போடும் நாள், கான்கிரீட் கொட்டுவதற்கு முதல் நாள், சாதனங்களைப் பொருத்தும் நாள். இந்த மூன்று நாளும் குழுவிலிருந்து இரண்டு பேராவது, அதில் ஒருவர் சக்கர நாற்காலியோடு, இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் சொதப்பல் பூங்காவில் சாய்தளம் சரியான அளவில்தான் கட்டப்பட்டது. பேவர் பிளாக் பாதையைப் பிறகு வேறொரு ஆள் போட்டார். கீழே மண்ணைச் சரியாகக் கெட்டிக்கவில்லை. ஒரு மழையில் பாதை இறங்கி, சாய்தளத்தின் அடியில் இரண்டு அங்குலப் படி உண்டாகிவிட்டது. இரண்டு அங்குலம்தானே என்று நினைப்பீர்கள். முன்சக்கரம் அதில் இடித்தால் பிள்ளை முகம் குப்புற விழும். நாங்கள் அந்த வாரம் யாரும் போகவில்லை. எல்லாம் பேசி முடித்தாயிற்றே என்று இருந்துவிட்டோம்.

திறந்த பிறகு

மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதையை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்தார்கள். பூங்காவுக்குப் புயல்கூட வேண்டாம், ஒரு நட்டு கழன்றால் போதும். யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதையும். வளர்ந்த பிள்ளைக்கு உடை மாற்ற அங்கே ஒரு நீளமான மேடை போட்டிருந்து, கதவு பூட்டியே கிடந்தால் அம்மாக்கள் ஒரு மணி நேரத்துக்குமேல் தங்கமாட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு மாலை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து விளையாட வைக்க இரண்டு கல்லூரி மாணவர்களை ஏற்பாடு செய்யுங்கள். வெறும் இடத்தைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் தாங்களாகக் கலந்துவிடுவார்கள் என்பது பாதி உண்மைதான்.

ஆறு மாதம் கழித்து, முதலில் போன வீடுகளுக்கே மறுபடியும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். தாழ்ப்பாள் கேட்ட அம்மாவிடம் நான் கேட்டேன், கடைசியா எப்ப போனீங்க என்று.

"நேத்து."

"ஏன் கிளம்பி வந்தீங்க?"

"இருட்டிடுச்சு சார். அந்த மூலை லைட் ரெண்டு வாரமா எரியல."

அன்று சாயங்காலமே லைட்டுக்கு மனு எழுதினேன்.